உறிஞ்சி பாயும் ஊர் மணலும்

பழவேற்காட்டு மணலை எதிர்த்துத் தனியாளாகப் போர் தொடுத்தவர் சரித்திரத்திலேயே ஒரே ஒருவர்தான். கோட்டை கட்டி ஆண்ட டச்சுக்காரர்களே அந்த மணலைப் பார்த்து மூட்டை கட்டிவிட்டார்கள். உறிஞ்சி பாய் மட்டும் மூட்டை கட்டவில்லை.

இந்த வாரம் அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மருமகள். கைக்கு அடக்கமான ஒரு வாக்குவம் கிளீனரைப் போனில் காட்டி, "மாமா, ஒயரே கிடையாது. சார்ஜ் போட்டாப் போதும். சோபா இடுக்கு, கார் சீட்டு எல்லாம் சுத்தமாயிடும். வாங்கலாமா?" என்றாள். விலையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அந்த விலைக்கு என் கல்யாணமே நடந்தது, சமையல்காரர் கூலி உட்பட. இவ்வளவு கொடுத்து வாங்கத் தகுமா என்று என்னிடம் கேட்கிறாள். இந்தக் கேள்வியில் என்னை விட அடிபட்டவன் தமிழ்நாட்டில் இருக்க மாட்டான். ஆனால் நான் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு ஆபீஸ் லேட்டாகிவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் பழவேற்காட்டு மின்சார ஆபீஸில் எனக்கு வேலை. ஜனங்களின் புகாரைக் கேட்டுக்கொள்கிற மேஜை என்னுடையது. ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, அதைத் தாண்டினால் கடல். வீசுகிற காற்றில் பாதி உப்பு, பாதி மணல். உப்பெல்லாம் போய் மின்கம்பத்துப் பீங்கான் கப்பில் உட்காரும். விடியற்காலைப் பனியில் நனையும். 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும், பொன்னேரியிலிருந்து வருகிற லைன் படுத்துவிடும். எங்கள் வயர்மேன் எத்திராஜ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். நான் ஆபீஸில் உட்கார்ந்து திட்டு வாங்குவேன். அதுதான் எங்கள் வேலைப் பங்கீடு. சேர்ந்த முதல் மாதத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. மீதி வருஷங்களை அந்த அலுப்பிலேயே ஓட்டினேன்.

திட்டாமல் வந்த ஒரே ஆள் உறிஞ்சி பாய். திட்டுகிறவர்களாவது திட்டிவிட்டுப் போய்விடுவார்கள், திட்டாதவர்கள் தினமும் வருவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒல்லியான மனிதர், சலவைச் சட்டை, சுருமா இட்ட கண். கையில் பச்சை வெல்வெட் துணியில் சுற்றிய ஏதோ ஒரு சாமான். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வந்தவர் மாதிரி மேஜைக்கு முன்னால் நின்றார்.

"சார், கரண்டு வருமா?"

"வரும் பாய்."

"எப்போ வரும்?"

"வர்றப்போ வரும்."

"வந்தா போவாதே?"

"வந்தா போகாம இருக்கறதுக்கு அது என்ன வீட்டு மாப்பிள்ளையா?"

அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிரித்தார். இஸ்திரிப் பெட்டிக்கும் வாத்துக்கும் பிறந்த மாதிரி ஒரு வெள்ளை மெஷின். முன்னால் அகலமான வாய், பின்னால் கைப்பிடி. எத்திராஜ் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுடுமா பாய்?" என்று கேட்டார்.

"சுடாது. உறிஞ்சும். தூசு, மணலு, இன்னா காட்டினாலும் உறிஞ்சிக்கும். ஆனா ராத்திரி பூரா கரண்டு குடிக்கணும். குடிச்சுதுன்னா காலையில ஒயரே இல்லாம ஓடும் சார்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒரு டீ குடிக்கற நேரம்."

"ராத்திரி பூரா குடிச்சிட்டு ஒரு டீ நேரமா?"

"டீ சூடா இருந்தா கொஞ்சம் கூடவே ஓடும் சார்," என்றார் பாய், அதன் மானத்தைக் காப்பாற்றுகிறவராக.

அதோடு விடவில்லை. அதன் பிளக்கில் சதுரச் சதுரமாக மூன்று பட்டைக் கம்பிகள். நம் ஊர் உருண்டை ஓட்டையில் போகாது. பாய் ஒயரை நறுக்கி, தீக்குச்சியை முட்டுக் கொடுத்துச் செருகி வைத்திருக்கிறாராம். அது ஆபத்தில்லை என்று மின்சார ஆபீஸ்காரனான நான் என் வாயால் சொல்ல வேண்டுமாம். எனக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. பிளக்கை மாற்றிக் கொடுக்கும்படி எத்திராஜிடம் சொல்லி அனுப்பிவைத்தேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

அந்தக் காலத்தில் துபாயிலிருந்து திரும்புகிறவர்களுக்கு என்று ஒரு லட்சணம் உண்டு. டூ-இன்-ஒன், பூப்போட்ட கம்பளி, சென்ட் பாட்டில், கறுப்புக் கண்ணாடி. பாயும் துபாயில் ஒரு பெரிய கம்பெனி ஆபீஸைச் சுத்தம் செய்கிற வேலையில் சில வருஷம் இருந்தவர்தான். அவர் வந்து இறங்கிய அன்று உறவுக்காரர்கள் மொத்தமும் பெட்டியைச் சுற்றிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்களாம். பெட்டி திறந்தது. ஒரு சோப்புக் கட்டி கூட இல்லை. இந்த வாத்து மட்டும்தான். விலையைக் கேட்ட அவருடைய சாச்சா, குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். அந்தக் காசில் ஏரியில் ஒரு படகு விட்டிருக்கலாம் என்று ஊரே சொன்னது. அன்று மாலையே அவருக்கு உறிஞ்சி பாய் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த மெஷினுக்கு அவர் ஏன் இப்படி உயிரை விடுகிறார் என்பது, மீட்டரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போன அன்று தெரிந்தது. ஏரிக்கரையில் கடைசி வீடு. வாசலில் ஒரு அலுமினியத் தொட்டியில் தண்ணீர். "கால கழுவிக்குங்க சார், மணலு வரும்," என்றார். கழுவினேன். ஈரக் காலில் வாசல் மணல் இன்னும் நன்றாக ஒட்டியது. "இன்னொரு தபா கழுவிக்குங்க," என்றார். இப்படியே கழுவுவதும் ஒட்டுவதுமாக நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அவரே ஒரு பலகையைப் போட்டு என்னை அதன் மேல் நடத்திக் கூட்டிப்போனார்.

உள்ளே போய்ப் பார்த்தால், ஏ அப்பா! வீடு முழுக்க மணல். பின் அறையில் ஜன்னல் கட்டை வரைக்கும் மேடு கட்டியிருந்தது. வாசலிலிருந்து மீட்டர் பலகை வரைக்கும் மட்டும் ஓர் ஒற்றையடிப் பாதை. அதை மெஷினாலேயே உறிஞ்சி உறிஞ்சி வெட்டியிருந்தார். மெஷின் வயிறு ஒரு டம்ளர் கொள்ளும். நிரம்பியதும் கழற்றி ஒரு பானையில் கொட்டுவார். பானை நிரம்பியதும் ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டுவார். மத்தியானம் கடலிலிருந்து கொண்டல் காற்று எழுந்து அதை அப்படியே அள்ளிவந்து வீட்டில் போட்டுவிடும்.

"பாய் காலையில மணல மேய்ச்சலுக்கு ஓட்டினு போவாரு. சாயங்காலம் அது தானே வூடு திரும்பிடும்," என்றாள் பக்கத்து வீட்டு கங்கம்மா. ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே வேலை செய்வாள். பறி வாயில் இல்லாத நேரமெல்லாம் பேச்சுதான். பாய் வீட்டுக் கதையை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

பாயின் மனைவி ஜொஹரா பொன்னேரிக்காரி. மணல் என்றால் வீடு கட்ட வண்டியில் வருவது என்று நினைத்திருந்த பெண். இங்கே வந்தால் மணல் படுக்கையில் இருக்கிறது, காதில் இருக்கிறது, மூடி வைத்த பாலில் இருக்கிறது. பொறுத்துப் பார்த்தாள். ஒரு பெருநாளன்று பொன்னேரியிலிருந்து அவள் வீட்டார் எல்லாரும் விருந்துக்கு வந்தார்கள். அவளே நின்று பிரியாணி சமைத்தாள். முதல் கவளத்திலேயே அவள் வாப்பாவின் கடைவாய்ப் பல் இரண்டாகப் போனது. எல்லாரும் பாயைப் பார்க்க, பாய் பல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "பல்லு வீக்கு மாமா," என்றாராம். அவ்வளவுதான். ஜொஹரா பையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வூட்டுல மணலு இல்லன்னு என்னிக்கி ஆவுதோ, அன்னிக்கி வரேன். அதுவரிக்கும் என்னைத் தேடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பாய் வீட்டைப் பூட்டினார். துபாய்க்குப் போனார். அங்கே ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் மணல், உள்ளே ஆபீஸில் தேடினாலும் ஒரு மணி கிடைக்காது. எல்லாம் இந்த மெஷின் உபயம் என்று கண்டுகொண்டார். அந்தக் கட்டிடத்தில் ஜன்னல் எதையும் திறக்கவே முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பாய், இதெல்லாம் எதுக்கு? ஒரு துடைப்பம் எடுத்து ரெண்டு நாள் பெருக்கினா வேலை முடிஞ்சுதே?"

பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அத மட்டும் சொல்லாதீங்க சார். ஊருக்குப் போனவங்க திரும்பி வரணும்னா, அவங்க போன பின்னாடி வூட்டப் பெருக்கக் கூடாது. பெருக்கினா போனவங்க போனவங்கதான்."

"அது போன கொஞ்ச நேரத்துக்குத்தான் பாய். பஸ் கிளம்பற வரைக்கும்."

"யாரு சொன்னது? எங்க உம்மா, போனவங்க போய்ச் சேர்ற வரிக்கும்பாங்க. இந்தா, இந்த கங்கம்மாவக் கேளுங்க."

"எங்க நைனா கடலுக்குப் போனா படகு கண்ணுக்கு மறையற வரிக்கும் எங்கம்மா துடப்பத்தத் தொடாது," என்றாள் கங்கம்மா. "ஆனா அதுக்குன்னு வருசக் கணக்காவா? இது நல்லா கீதே!"

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. கரெக்டா எப்போன்னு யாருக்கும் தெரியல. தெரியாத விசயத்துல என் பொண்டாட்டிய வெச்சி நான் சோதிச்சிப் பாக்க மாட்டேன்," என்றார் பாய்.

பள்ளிவாசல் அஜ்ரத்தே அவரைக் கூப்பிட்டு, மார்க்கத்தில் இப்படி ஒன்றும் கிடையாது, தாராளமாகப் பெருக்கு என்று சொல்லிப் பார்த்தாராம். "அஜ்ரத்துக்கு இன்னா, அவரு பீவி வூட்டுல கீறாங்க," என்று இவர் திரும்பி வந்துவிட்டார்.

ஆக, மணல் போனால்தான் மனைவி வருவாள். பெருக்கினால் மனைவி வர மாட்டாள். இந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட மனிதர் உலகமெல்லாம் தேடி, பெருக்காமலே மணலை எடுக்கிற ஒரு சாமானைக் கண்டுபிடித்துச் சம்பாத்தியம் முழுவதையும் அதில் போட்டிருக்கிறார். கேட்டுவிட்டு நான் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கூடவே, அவர் சொன்னதில் தப்பு எங்கே என்றும் எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கு நடுவில் சென்னாக்குனி விவகாரம் வேறு. கங்கம்மா சென்னாக்குனி என்கிற பொடி இறாலை ஓலைப்பாயில் பரப்பிக் காயவைத்திருந்தாள். அதில் மணல் கலந்துவிட்டது. புலம்பினாள். பாய்க்கு அவள் மேல் மரியாதை உண்டு. "இதுக்கா அழுவுற? நவுரு," என்று மெஷினோடு இறங்கினார். மெஷினுக்கு மணலும் ஒன்றுதான், சென்னாக்குனியும் ஒன்றுதான். 'உர்ர்' என்று ஒரு ஓரத்திலிருந்து பிடித்துக்கொண்டே போய்விட்டது. பாய் நிமிர்ந்து பார்த்தபோது ஓலைப்பாயில் பாதி காலி.

"யோவ் பாய்! ஏரியில இடுப்பு ஒடிய நின்னு புடிச்சது நானு, துன்றது உன் வாத்தா? கக்கச் சொல்லுய்யா!" என்று அவள் போட்ட சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. மின்சார ஆபீஸ்காரன் வந்து நியாயம் சொல்ல வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். ஏன் நான் என்று கேட்டேன். கரண்டு கொடுத்தது நீதானே என்றார்கள். பாய் வயிற்றைக் கழற்றிக் கொட்டிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். ஆனால் நாற்றம் போகவில்லை. பன்னீரில் கழுவினார், அத்தர் தடவினார், ஒன்றும் பலிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் அந்தப் பச்சைத் துணி மூட்டையோடு தெருவில் போனால் பின்னால் பூனைகள் வரிசையாகப் போகும்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை பாய் ஆபீஸுக்கு ஓடிவந்தார். முகமே சரியில்லை. "மச்சான் ஆளனுப்பிச்சிருக்காரு சார். வர வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சி வூட்டப் பாக்க வராராம். வூடு சரியா இருந்தா தங்கச்சிய அனுப்புவேன், இல்லன்னா ஜமாத்துல வெச்சி உறவ முடிச்சிக்கலாம்னு சொல்லிட்டாரு. எனக்கு இந்த ஒரு வாரம் கரண்டு போவக் கூடாது சார். அப்புறம் ஆயுசு பூரா இருட்டுல இருக்கச் சொன்னாலும் இருக்கறேன்."

மச்சான் என்றால் ஜொஹராவின் அண்ணன். பொன்னேரி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எந்தத் துணியையும் கசக்கிப் பார்க்காமல் நம்பாதவர்.

நான் எத்திராஜைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்குமே எழுந்திருக்க மனமில்லாத வேளை அது. ஆனாலும் எழுந்தோம். லைனை நிறுத்திவிட்டு எத்திராஜ் கம்பம் கம்பமாக ஏறி ஒவ்வொரு பீங்கான் கப்பையும் துணியால் துடைத்தார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். லைன் படுப்பதற்கு முன்பே நாங்கள் போய் நின்றது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரம் முழுக்க கரண்டு போகவே இல்லை. பாய் காற்று உள்ளே வராமல் ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் பழைய துணியைத் திணித்தார். மெஷின் ராத்திரி குடிக்கும், காலையில் உறிஞ்சும். அது அசந்துபோன நேரத்தில் பாய் சுவருக்குச் சாய்ந்து உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், தரை தெரிந்தது. நீலமும் மஞ்சளுமாகப் பூப்போட்ட தரை. "இந்தப் பூவ நானே மறந்துட்டேன் சார்," என்றார் பாய். கடைசி அறையில் ஒரு மூலை மட்டும் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மச்சான் வந்தார். நான், எத்திராஜ், வேலிக்கு அந்தப் பக்கம் கங்கம்மா, எல்லாரும் நின்றோம். மச்சானுக்குக் கஞ்சி போட்ட புது லுங்கி, சலவைச் சட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் நடந்தே வந்திருந்தார். பாய் ஸலாம் சொல்லிக் கட்டித் தழுவுவதற்குப் பதிலாகத் தொட்டியைக் காட்டினார்.

"கால கழுவிக்குங்க மச்சான்."

"கைகால் கழுவி ஒளு செஞ்சி தொழுதுட்டு வரேன். என் காலு அசிங்கமா இருக்குதா உனக்கு?"

"அசிங்கம் இல்ல மச்சான், மணலு."

"நான் இன்னா குளத்துல வுழுந்த ஆடா, தொட்டியில எறங்கி ஏற?" என்று சொல்லிவிட்டு மச்சான் நேராக உள்ளே கால் வைத்தார். பூப்போட்ட தரையில் மணல் தடம் ஒன்று விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் பாய் மெஷினோடு பாய்ந்துவிட்டார். தடத்தைத்தான் குறிவைத்தார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் மெஷின் வாயில் லுங்கி ஓரம் போய்விட்டது.

புது லுங்கி, அதிலும் கஞ்சி போட்டது. மெஷின் ஆசையாக இழுத்தது. மச்சான் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாயின் தலையில் அடித்துக்கொண்டு, "வுடுறா! வுடச் சொல்றா!" என்று சுற்றிச் சுற்றி வந்தார். பாய் பின்னாலேயே சுற்றினார். எத்திராஜ் வந்து லுங்கியைக் கத்தரித்த பிறகுதான் இரண்டு பேரும் பிரிந்தார்கள். மெஷின் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. தொண்டை நிறைய நூல். அதன் பிறகு அது வாயே திறக்கவில்லை.

"பைத்தியம்! சுத்தப் பைத்தியம்! ஒரு துடப்பம் வாங்க வக்கில்லாத ஆளுக்கா என் தங்கச்சியக் குடுத்தேன்?" என்று மச்சான் வாசலில் நின்று கத்தினார்.

அப்போதுதான் கங்கம்மா வேலி மேல் ஏறி நின்றாள். "வக்கு இல்லாம இல்ல சாயபு! உன் தங்கச்சி போன அன்னியிலர்ந்து இந்த மனுசன் துடப்பத்தத் தொடல. பெருக்கினா அது திரும்பி வராதாம். அதுக்குன்னு இந்த வாத்த வாங்கிக் கட்டினு அழுவறாரு. பைத்தியம்தான். யாரு இல்லன்னு சொன்னாங்க?"

மச்சான் கிழிந்த லுங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளே கொண்டல் எழுந்தது. ஜன்னலில் திணித்த துணியெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. பாய் ஆபீஸுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒழிந்தது தொல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டியவன், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் நானே கிளம்பிப் போனேன்.

பாய் தரையில் குந்தியிருந்தார். பூக்கள் மறுபடியும் மணலுக்குள் போய்விட்டன. அவர் ஒரு கரண்டியால் மணலை அள்ளி அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "கரண்டில அள்ளினா அது பெருக்கினதா ஆவாதுல்ல சார்?" என்று என்னைக் கேட்டார். ஆகாது பாய் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் தலையில் முக்காடு, கையில் ஒரு பை, ஒரு பெண். பாய் முகம் போன போக்கிலேயே அது ஜொஹரா என்று தெரிந்துகொண்டேன். பாய் எழுந்திருக்கப் போய், எழ முடியாமல் அப்படியே இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"உள்ள வராத ஜொஹரா! இன்னும் முடியல. அந்த ரூமு பாக்கி இருக்குது."

ஜொஹரா உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்க்கவே இல்லை. அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாயின் முன்னால் நின்றாள். "எங்க அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அவரு சிரிக்கறாரு, எனக்கு சோறு எறங்கல. நெசமாவே பெருக்கலியா நீங்க?"

பாய் இல்லை என்று தலையாட்டினார்.

"மணல ஒழிச்சாதான் வருவேன்னு கோவத்துல சொன்னேன். மறுநா நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு பொட்டியக் கூடப் பிரிக்காம வெச்சிருந்தேன். துபாய்க்குப் போயி வரத் தெரிஞ்ச மனுசனுக்கு, பொன்னேரிக்கு வந்து போவத் தெரியலியே!"

ஜொஹரா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க வூட்டுத் துடப்பத்தக் குடுங்க."

"வேணாம் ஜொஹரா! பெருக்கினா..."

"பெருக்கினா இன்னா? நான்தான் இங்க நிக்கறேனே. இனிமே யாரு போறதுக்கு இருக்காங்க?"

கங்கம்மா துடைப்பத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள். அவள் பேசாமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றுதான். ஜொஹரா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பின் அறையிலிருந்து ஆரம்பித்தாள். முதல் வீச்சுக்குப் பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்த்தார். அவள் அங்கேயேதான் இருந்தாள். பிறகு அவர் கூடையை எடுத்துவந்து அவள் ஒதுக்கிய மணலை வாரினார்.

விலைக்குத் தகுமா என்று கேட்டால், மணல் விஷயத்தில் தகாது. மெஷின் அத்தனை காலம் மல்லுக்கட்டியதை ஒரு ஓசித் துடைப்பம் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டது. பொன்னேரிக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த வாத்து மட்டும் லுங்கியைக் கடிக்காமல் இருந்திருந்தால், மச்சானுக்குப் பொன்னேரியில் போய்ச் சொல்லிச் சிரிக்க ஒரு கதையும் கிடைத்திருக்காது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. உங்களுக்குத் தெம்பிருந்தால் பாருங்கள்.

அன்று ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குப் பாய் வந்தார். கையில் பச்சைத் துணி இல்லை. தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் மணல்.

"இன்னா பாய், என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். பெருக்கின அலுப்புல ஜொஹரா தூங்கிடுச்சி. எழுப்ப மனசு வரல. யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சி." புருவத்து மணலைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டா சார்."

"தெரியுமே பாய். நானும் அங்கதானே நின்னேன்."

"நின்னீங்க சார். இருந்தாலும் சொல்றேன். வந்துட்டா."

அவர் அதையே இன்னும் எத்தனை முறை சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல எனக்கு இருந்தது.